விற்பனைக்கு உள்ள வீட்டை யார் திறந்து காட்டுவது? எந்த வழி யாருக்குப் பொருந்தும்

வீட்டை விற்க முடிவு செய்தவர்கள் விலையைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். பெயின்ட் அடிக்கலாமா, நல்ல படம் எடுக்க ஆள் வைக்கலாமா என்று வீட்டுக்குள் பேச்சு நடக்கிறது. ஆனால் "இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பார்க்கலாமா?" என்று ஒருவர் கேட்டால் கதவை யார் திறப்பது என்ற கேள்வியை, வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறார்கள். வீடு நன்றாக இருக்கிறது, விலையும் நியாயம், இருந்தும் விற்பனை இழுத்துக்கொண்டே போகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களில் எத்தனை பேருக்கு "இன்றைக்கு முடியாது" என்று பதில் போனது?

வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் காரணம் எளிதில் புரியும். வேலைக்குப் போகிறவருக்குக் கிடைப்பது மாலையும் வார இறுதியும்தான். வெளியூரிலிருந்து வருகிறவர் ஒரே நாளில் நாலைந்து வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட நினைப்பார். அவருடைய தரகர் அந்த வீடுகளை வழி பார்த்து வரிசையாக வைத்து நேரம் குறிப்பார். அந்த வரிசைக்குள் வராத வீடு அன்றைக்கு விடுபட்டுவிடும். அடுத்த வாரம் வரட்டுமே என்று விற்பவர் இருப்பார். பார்த்தவற்றில் ஒன்று பிடித்துப்போனால் விடுபட்டதைப் பார்க்க அவர்கள் திரும்ப வருவதே இல்லை. வீடு பிடிக்காமல் போனவர்களாவது ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். பார்க்காமல் போனவர்கள் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது.

இன்னொன்று, விளம்பரம் வெளிவந்த முதல் இரண்டு மூன்று வாரங்கள். ஏற்கெனவே தேடிக்கொண்டிருப்பவர்கள் சந்தையில் உள்ள பழைய வீடுகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுப் புதிதாக என்ன வருகிறது என்று காத்திருப்பார்கள். நம் வீடு வந்தவுடன் அந்த மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் கேட்கும். அது வடிந்த பிறகு, புதிதாகத் தேடத் தொடங்குகிறவர்கள் மட்டும் ஒருவர் ஒருவராக வருவார்கள். ஆகவே முதல் வாரத்தில் போகும் ஒரு "முடியாது"வும் மூன்றாவது மாதத்தில் போகும் ஒரு "முடியாது"வும் ஒன்றல்ல.

இதற்காக எந்நேரமும் யார் வந்தாலும் திற என்று சொல்லிவிட முடியாது. அந்த வீட்டில் மனிதர்கள் வாழ்கிறார்கள். எனவே கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் இரண்டு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். இரண்டு மணி நேர அவகாசத்தில் கேட்டால் கதவு திறக்குமா? வீட்டில் இருப்பவர்கள் அதை எத்தனை வாரம் தாங்குவார்கள்? பாதுகாப்பு மூன்றாவது கேள்வி. அது எல்லா வழியிலும் வரும் என்பதால் அந்தந்த இடத்திலேயே பேசுகிறேன்.

வீட்டுக்காரரே திறந்து காட்டுவது

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள். செலவில்லை. யார் வந்தார், எப்போது வந்தார் என்பது தெரியும். மழைக் காலத்தில் எந்தப் பக்கம் நீர் இறங்கும், மின்கம்பிகளை எப்போது மாற்றினோம் என்ற கேள்விக்கெல்லாம் அவரைவிட நன்றாகப் பதில் சொல்ல ஆளில்லை. தரகர் இல்லாமல் நேரடியாக விற்பவருக்கு வேறு வழியும் அதிகம் கிடையாது.

குறை இரண்டு. ஒன்று, அவர் ஒரே ஆள். அவருக்கு வேலை, பயணம், உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் உண்டு. முதல் கேள்வியிலேயே இந்த வழி தடுமாறும். இரண்டாவது குறை வெளியில் தெரியாது. வீட்டுக்காரர் கூடவே நடந்து வந்தால் பார்க்க வந்தவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். "இந்தச் சுவரை எடுத்துவிட்டால் கூடம் பெரிதாகும்" என்று கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் அந்தப் பேச்சுதான் ஒரு வீட்டைத் தங்கள் வீடாக நினைக்கத் தொடங்கும் பேச்சு. வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது அது நடக்காது. அலமாரியைத் திறந்து பார்க்கவே கூச்சப்படுவார்கள், ஐந்து நிமிடத்தில் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். போதாததற்கு, பேச்சுவாக்கில் "அடுத்த மாதம் நாங்கள் போயாக வேண்டும்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால், விலை பேசும்போது அதுவே அவருக்கு எதிராக வந்து நிற்கும்.

இந்த வழியிலேயே போக வேண்டியிருந்தால் சில ஏற்பாடுகள் இதை நன்றாகவே நடத்தித் தரும். திறந்து காட்டத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவரை முதலிலேயே பேசி வையுங்கள். பரப்பளவு, கட்டிய ஆண்டு, மாதாந்திரப் பராமரிப்புச் செலவு, வீட்டோடு விட்டுப்போகும் பொருட்கள் ஆகியவற்றை ஒரு தாளில் அச்சிட்டு வையுங்கள். வந்தவரை வரவேற்று, தாளைக் கொடுத்து, ஒருமுறை சுற்றிக் காட்டிவிட்டு, "நீங்கள் நிதானமாகப் பாருங்கள், நான் வாசலில் இருக்கிறேன்" என்று விலகிக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவர் என்றால், யார் வருகிறார் என்பதை வேறொருவருக்குத் தெரிவித்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். அறைகளுக்குள் வந்தவர்களை முன்னால் போகவிட்டு, நீங்கள் வெளிவாசல் பக்கமாக நிற்பது நல்லது. மனை விற்பனைத் தொழிலில் இருப்பவர்கள் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாதுகாப்புப் பழக்கங்களில் இதுவும் ஒன்று.

சாவியைத் தரகரிடம் கொடுப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனால் நிபந்தனைகளோடு. சாவி கையில் இருக்கும் வீட்டைத் தரகர் தாராளமாகக் காட்டுவார். வேறொரு வீட்டைப் பார்க்க வந்தவர் "இந்தப் பக்கம் இன்னொன்று இருக்கிறதா?" என்று கேட்டால் அந்த நிமிடமே கூட்டிக்கொண்டு வர முடியும். யாரையும் போனில் பிடிக்க வேண்டியதில்லை, பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் இல்லாததால் வந்தவர்களும் தாராளமாகப் பேசுவார்கள். பிடிக்காத விஷயத்தைத் தரகரிடம் வெளிப்படையாகச் சொல்வார்கள், அது நம் காதுக்கும் வரும்.

சிக்கல் எங்கே வருகிறது? ஒரே தரகரிடம் மட்டும் சாவி இருந்தால் மற்றத் தரகர்களின் ஆட்கள் அவர் வழியாகத்தான் வர வேண்டும். வாங்குபவரும் தன் ஆளாகவே இருந்தால் இரண்டு பக்கக் கமிஷனும் அவருக்கே. அதனால் வெளியாரின் கோரிக்கைக்கு மெதுவாகப் பதில் சொல்லும் சபலம் அவருக்கு இருக்கவே செய்யும். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ஏற்பாடே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்போது, அதைப் பேசித் தீர்க்காமல் விடுவது சரியில்லை. "வேறு தரகரின் ஆள் கேட்டால் இத்தனை மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும், யார் கேட்டாலும் எனக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு மாற்றாக நாலு தரகர்களிடம் நாலு சாவி கொடுப்பதும் நடக்கிறது. அங்கே வேகம் கூடும், பொறுப்பு போய்விடும். விளக்கு எரிந்துகொண்டே கிடக்கும், பால்கனிக் கதவு திறந்திருக்கும், யார் கடைசியாக வந்தார் என்று கேட்டால் ஆளுக்கொருவரைக் கை காட்டுவார்கள். ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். காலி வீடு என்றால்கூடச் சாவிகளுக்கு எண் போட்டு, எது யாரிடம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டாரிடமோ காவலாளியிடமோ சாவி கொடுத்து வைப்பது இதன் எளிய வடிவம். அவசரத்துக்கு நல்லது, முழு ஏற்பாடாக வைத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. தவிர, வீட்டைப் பற்றியும் ஏன் விற்கிறார்கள் என்பது பற்றியும் வந்தவர்கள் அவர்களிடம்தான் முதலில் கேட்பார்கள். அவர்கள் நல்ல மனதோடு சொல்லும் ஒரு வார்த்தைகூட விலையைக் குறைக்கக்கூடும்.

எண் பூட்டுப் பெட்டியும் டிஜிட்டல் பூட்டும்

வாசல் கைப்பிடியிலோ கேட்டிலோ மாட்டிவிடும் சிறு இரும்புப் பெட்டி, உள்ளே சாவி, திறக்க நாலு இலக்க எண். அமெரிக்காவிலும் கனடாவிலும் தரகர்களுக்கு இது அன்றாடக் கருவி. அங்கே தரகர்கள் பயன்படுத்தும் மின்னணுப் பெட்டிகள் தரகரின் செல்போன் செயலியைக் கொண்டு திறக்கும். யார், எந்த நேரத்தில் திறந்தார் என்று பதிவாகும். இரவு எட்டுக்கு மேல் திறக்காதபடி வைக்கவும் முடியும். சாதாரண எண் பெட்டியில் இந்த வசதி எதுவும் இல்லை. எண் தெரிந்தவர் இன்னொருவருக்குச் சொல்வார், அவர் மற்றொருவருக்கு. ஒரு மாதம் கழித்து அந்த எண் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எண் பெட்டி வைப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது எண்ணை மாற்ற வேண்டும் என்பேன்.

கதவிலேயே டிஜிட்டல் பூட்டு இருந்தால் இன்னும் வசதி. நாளை மாலை 5 முதல் 6 வரை மட்டும் வேலை செய்யும் எண் ஒன்றை உருவாக்கி அனுப்பலாம். அந்த நேரம் முடிந்ததும் அது செல்லாது. வேறு நாட்டில் இருந்துகொண்டுகூடச் செய்யலாம். பேட்டரி தீர்ந்துபோவதும் இணையம் நின்றுபோவதும் இதன் பலவீனம். வந்தவர் வாசலில் நின்று எண்ணை அழுத்திக்கொண்டிருப்பார், கதவு திறக்காது. எனவே மாற்றுச் சாவி ஒன்று பத்து நிமிடத் தூரத்தில் யாரிடமாவது இருக்கட்டும். விற்பனைக்கு வைக்கும் முன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் காப்பீடு. பல வீட்டுக் காப்பீடுகளில் கதவையோ பூட்டையோ உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் திருட்டுக்கு இழப்பீடு கிடைக்கும். எண் தெரிந்த ஒருவர் சாவியை எடுத்துத் திறந்து எதையாவது எடுத்துப்போனால் அந்த அடையாளம் இருக்காது. பெட்டி மாட்டும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.

என் முடிவு இது: ஆளில்லாத வீட்டுக்கு மின்னணுப் பெட்டியோ டிஜிட்டல் பூட்டோ தயங்காமல் வைக்கலாம். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டுக்கு வைத்தால், கூட ஆள் இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்ற விதியையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

குறித்த நேரத்தில் எல்லாருக்கும் திறந்து வைப்பது

ஓப்பன் ஹவுஸ் என்று சொல்லும் முறை. ஆஸ்திரேலியாவில் வீடு விற்பதே பெரும்பாலும் இப்படித்தான்: சனிக்கிழமை அரை மணி நேரம் திறந்திருக்கும், அந்த அரை மணிக்குள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அமெரிக்காவில் இது தனித்தனியாக வந்து பார்ப்பதற்குத் துணையாக, வார இறுதிகளில் நடக்கிறது. அங்கே 2024 ஆகஸ்ட் 17 முதல் பெரும்பாலான தரகர்கள், வாங்குபவரை வீடு பார்க்க அழைத்துப்போகும் முன் அவரோடு எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும் என்ற விதி வந்தது. ஓப்பன் ஹவுஸுக்குத் தானாக நடந்து வருகிறவருக்கு அந்த ஒப்பந்தம் தேவையில்லை. ஒரு தரகரை இன்னும் முடிவு செய்யாதவர்கள் வீட்டுக்குள் கால் வைக்க இது ஒரு எளிய வாசலாக இருக்கிறது.

குடும்பமாக இருப்பவர்களுக்கு இந்த முறையில் பெரிய நிம்மதி உண்டு. ஒருமுறை சுத்தம் செய்தால் போதும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வெளியே போய்விட்டு வந்தால் பத்துப் பதினைந்து பேர் பார்த்து முடித்திருப்பார்கள். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் உள்ளே வருவதைக் காணும்போது, இந்த வீட்டுக்குப் போட்டி இருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே வந்தவர்களுக்குப் புரியும்.

ஆனால் இது மட்டும் போதாது. அந்த நேரத்தில் வர முடியாதவர்தான் கடைசியில் வாங்கப்போகிறவராக இருக்கலாம். வருகிறவர்களில் அக்கம்பக்கத்தார், தங்கள் வீட்டுக்கு என்ன விலை போகும் என்று பார்க்க வந்தவர்கள் என்று ஒரு பங்கு இருக்கும். அதில் தப்பில்லை, அவர்களுக்கும் நண்பர்கள் உண்டு, செய்தி பரவும். பாதுகாப்புதான் கவலை. கூட்டமாக வரும்போது ஒரே ஆளால் எல்லா அறையையும் பார்த்துக்கொள்ள முடியாது. நகை, பணம், பாஸ்போர்ட், வங்கிக் கடிதங்கள், மாற்றுச் சாவிகள், மாத்திரைகள் எல்லாம் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கக் கூடாது, அல்லது பூட்டிய ஓர் இடத்தில் இருக்க வேண்டும். மாத்திரைகளைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வலி நிவாரணி, தூக்க மாத்திரை போன்றவற்றைத் தேடியே குளியலறை அலமாரிகளைத் திறப்பவர்கள் உண்டு.

வீட்டைக் காலி செய்துவிட்டு விற்பது

நினைத்த நேரத்தில் திறக்கலாம் என்பதில் இதற்கு இணை எதுவும் இல்லை. யாரையும் கேட்க வேண்டாம், யாரும் சலிக்கமாட்டார்கள். முடிகிறவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் செலவு இரட்டிப்பு. புது இடத்துக்கும் கட்ட வேண்டும், பழைய வீட்டின் கடன், வரி, பராமரிப்பும் ஓடிக்கொண்டிருக்கும். மாதங்கள் கூடக் கூட, விலையில் விட்டுக்கொடுக்கும் அவசரம் வீட்டுக்காரருக்கு வந்துவிடும்.

காலி அறை பெரிதாகத் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. கட்டில் எங்கே போடுவது, மேசை நுழையுமா என்று அளவு பிடிபடாமல் சிறிதாகவே தோன்றும். சுவரில் படம் மாட்டிய தடம், தரையில் பொருள் இருந்த தடம் எல்லாம் கண்ணில் படும். வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரு வாடை வரும், குழாயைத் திறந்தால் முதலில் கலங்கிய நீர் வரும். எனவே காலி வீட்டிலும் மின் இணைப்பை வெட்டாதீர்கள். வாரம் இருமுறை யாராவது போய் ஜன்னலைத் திறந்து, குழாயை ஓடவிட்டு வர வேண்டும். கூடத்தில் நாலு நாற்காலி, படுக்கையறையில் ஒரு கட்டில் என்று கொஞ்சம் விட்டுப்போனால் அறைகளுக்கு அளவு கிடைக்கும். இங்கேயும் காப்பீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டுக்குப் பல காப்பீடுகள் பாதுகாப்பைக் குறைத்துவிடுகின்றன.

முழுதும் காலி செய்யாமல் பாதி காலி செய்வது நடுவழி. தேவையில்லாத சாமான்களைக் கட்டி வேறெங்காவது அனுப்பிவிட்டு, குறைந்த பொருட்களோடு இருப்பது. எப்படியும் கட்டப்போகும் மூட்டைகள்தானே, கொஞ்சம் முன்னால் கட்டுகிறோம். பொருள் குறைந்த வீட்டை இருபது நிமிடத்தில் ஒழுங்குபடுத்திவிடலாம். அந்த இருபது நிமிடம்தான் "ஒரு மணி நேரத்தில் வரலாமா?" என்ற கேள்விக்குச் சரி என்று சொல்ல வைக்கும். வீடு இறைந்து கிடக்கிறதே என்ற கூச்சத்தால் போகும் "முடியாது"கள், வீட்டில் ஆளில்லை என்று போகும் "முடியாது"களுக்குக் குறைந்தவை அல்ல.

வாடகைக்கு ஆள் இருக்கும் வீடு

எல்லாவற்றிலும் கடினமானது இது. அதற்குக் காரணம் யாருடைய கெட்ட குணமும் இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கு இந்த விற்பனையால் கிடைப்பது ஒன்றுமில்லை. அந்நியர்கள் வந்து தன் படுக்கையறையைப் பார்ப்பார்கள், கடைசியில் தானே வீடு தேடி அலைய வேண்டியிருக்கும். அவர் ஆர்வமாகக் கதவைத் திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சட்டமும் அவர் பக்கம் ஒரு வேலி போட்டிருக்கிறது. பல இடங்களில் 24 மணி நேர முன்னறிவிப்பு என்பது பொதுவான அளவுகோல். மாநிலங்கள் பின்பற்றுவதற்காக மத்திய அரசு வகுத்த இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன் எழுத்திலோ மின்னணு வழியிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் எழுத்து அறிவிப்போடு, காலை 8 முதல் இரவு 8 வரைதான் வரலாம். கலிஃபோர்னியாவில் வீடு விற்பனைக்கு வருகிறது என்று முதலில் எழுத்தில் தெரிவித்துவிட்டால், அதற்குப் பின் 120 நாள் வரை ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகச் சொல்வதே போதும். அப்போதும் 24 மணி நேரம்தான் நியாயமான அவகாசமாகக் கருதப்படுகிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தையும் உங்கள் ஒப்பந்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, இரண்டு மணி நேர அவகாசம் என்பது இங்கே குடியிருப்பவர் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு.

மனமுவந்து கொடுக்க ஒரு காரணத்தை நாம் உண்டாக்கலாம். காட்டும் மாதங்களுக்கு வாடகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வது நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்கிறது. அதோடு வாரத்தில் இரண்டு நேரத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்கு வெளியே தொந்தரவு செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்ற வேண்டும். வாக்கு ஒருமுறை மீறப்பட்டால் அதன் பிறகு அந்தக் கதவு நமக்கு எளிதில் திறக்காது. வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லி அவரிடம் கட்டளை போடுவதைவிட, அந்த நாட்களில் சுத்தம் செய்ய ஓர் ஆளை நம் செலவில் அனுப்பலாம். விற்க நினைக்கும்போதே அவரிடம் "நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கேட்பதும் முக்கியம். சிலர் கேட்டால் சரி என்பார்கள், கேட்காததால்தான் பேசாமல் இருப்பார்கள். வாடகை வருமானத்துக்காகவே வாங்க நினைப்பவர் என்றால் அவர் அடிக்கடி வந்து பார்க்கவும் தேவையிருக்காது. ஒப்பந்தமும் வாடகை வந்த கணக்கும் அவருக்குப் பாதி பதில் சொல்லிவிடும்.

குடியிருப்பவர் எதற்கும் இசையவில்லை என்றால், அவர் காலம் முடிந்து போகும்வரை காத்திருந்து விற்பதே நல்லது. சண்டை நடக்கும் வீட்டைப் பார்க்க வருகிறவர் அதை வாசலிலேயே உணர்ந்துவிடுவார்.

வீடியோ, முப்பரிமாணச் சுற்று

வீட்டை வீடியோவிலோ, திரையிலேயே அறை அறையாகச் சுற்றிப் பார்க்கும்படியோ காட்டும் இந்த வழி 2020இல் பெருந்தொற்று வந்தபோது வேறு வழியில்லாமல் பரவியது, பிறகு நிலைத்துவிட்டது. வந்து பார்ப்பதற்கு இது மாற்றாகாது. வெளிச்சம், தெருச் சத்தம், காற்று, வாடை, மாடிப்படியின் செங்குத்து எதுவும் திரையில் வராது. ஆனால் வரத் தேவையில்லாதவர்களை இது வராமல் வைக்கும். படிக்கட்டு ஏற முடியாதவர் படிக்கட்டைத் திரையில் பார்த்துவிட்டு நின்றுவிடுவார். அதனால் உண்மையில் வர வேண்டியவருக்கு நேரம் கிடைக்கும். அகலக் கண்ணாடி போட்ட கேமராவால் அறையைப் பெரிதாகக் காட்டுவது மட்டும் வேண்டாம். ஏமாந்து வந்தவர் ஒரு நேரத்தையும் வீணடித்துவிட்டு மனக்கசப்போடு போவார். எனக்குக் கேட்டால், அளவுகள் எழுதிய தரைப்படம் ஒன்று நீண்ட வீடியோவைவிட அதிக உபயோகம்.

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பனைக்கு வைப்பவர் பொதுவாக முதலிலேயே வீட்டின் நிலையைப் பற்றிய சர்வேயரின் ஆய்வு, எரிசக்தி அறிக்கை, வீட்டைப் பற்றிய கேள்வி பதில் மூன்றும் அடங்கிய அறிக்கை ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சட்டம் கேட்காத இடங்களிலும் அந்த மாதிரி ஒரு தொகுப்பைத் தானாகவே தயாரித்துக் கொடுப்பவருக்கு, வீணாக வந்துபோகும் ஆட்கள் குறைவார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஆட்கள் குடியிருக்கும் வீடு என்றால் நான் சொல்லும் ஏற்பாடு கலவையானது. முதல் மூன்று வாரம் கதவு தாராளமாகத் திறக்கட்டும். சாவி ஒரே ஒரு பொறுப்பான தரகரிடம், காலை 9 முதல் இரவு 8 வரை, ஒரு மணி நேர முன்னறிவிப்பு. முதல் வார இறுதியில் ஒரு ஓப்பன் ஹவுஸ். இந்த மூன்று வாரம் குடும்பத்துக்குச் சிரமம்தான். ஆனால் முடியும் தேதி தெரிந்த சிரமத்தை எல்லாரும் தாங்கிவிடுகிறார்கள். முடியும் தேதி தெரியாமல் "எந்நேரமும் வரலாம்" என்று தொடங்கியவர்கள் இரண்டாவது மாதத்தில் வீட்டுக்குள்ளேயே எரிச்சல்பட்டு, வருகிறவர்களுக்கு முகம் கொடுக்காமல் போகிறார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு வாரத்தில் மூன்று நேரங்கள் என்று சுருக்கிக்கொள்ளலாம். அப்போது வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு அது போதும்.

கைக்குழந்தை இருக்கும் வீடு, நோயாளி இருக்கும் வீடு என்றால் இந்த மூன்று வாரத் தாராளமும் முடியாது. அவர்களுக்கு ஓப்பன் ஹவுஸையும் குறித்த நேரங்களையும் முதலிலிருந்தே சொல்கிறேன். கூடவே, அந்த மூன்று வாரமும் உறவினர் வீட்டில் தங்க வழியிருந்தால் அதைச் செய்யச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருப்பவருக்கு டிஜிட்டல் பூட்டும், அதோடு நேரில் போய்ப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும். தனியாக வசிக்கும் வயதானவர் ஒருபோதும் தானே கதவைத் திறந்து காட்ட வேண்டாம். அவருக்குத் தரகரோ உறவினரோ கூட இருக்கும் குறித்த நேரங்கள் மட்டுமே.

எந்த ஏற்பாடாக இருந்தாலும் சில சிறு தடைகள் அதைக் கெடுத்துவிடும். அடுக்குமாடி வாசலில் காவலாளி பெயரை எழுதி, போன் செய்து, அனுமதி வாங்கும்வரை வந்தவர் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே பேசி வையுங்கள். கார் எங்கே நிறுத்துவது என்பதைச் செய்தியிலேயே அனுப்புங்கள். மொட்டைமாடிச் சாவி, சேமிப்பறைச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் இருக்கட்டும். பூட்டிய அறையைப் பார்த்தால் அங்கே ஏதோ குறை இருக்கிறது என்றே நினைப்பார்கள். நாய் இருந்தால் அந்த நேரத்தில் வெளியே கூட்டிப்போங்கள். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி, பயப்படுகிறவர் அறையைப் பார்க்கமாட்டார். வீட்டுக்குள் கேமரா இருந்தால் வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அனுமதியில்லாமல் பேச்சைப் பதிவு செய்வது பல இடங்களில் குற்றம்.

முடியாது என்றே சொல்ல வேண்டிய நாளும் வரும். அப்போது "இன்றைக்கு வேண்டாம்" என்று நிறுத்தாமல் "இன்றைக்கு ஆறு மணிக்கு முடியவில்லை, ஏழரைக்கு வருகிறீர்களா, இல்லை நாளை காலை எட்டுக்கா?" என்று கேளுங்கள். கேட்ட பத்து நிமிடத்துக்குள் இந்தப் பதில் போனால், பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள்.

விலை பேசி முடிந்து முன்பணம் கை மாறிய பிறகும் இந்த ஏற்பாட்டைக் கலைக்காதீர்கள். வாங்குபவரின் பொறியாளர் வீட்டைச் சோதிக்க இரண்டு மூன்று மணி நேரம் கேட்பார், வங்கியின் மதிப்பீட்டாளர் தனியாக வருவார், அலமாரி செய்ய அளவெடுக்க ஒருவர் வருவார், ஒப்படைக்கும் நாளுக்கு முன் கடைசியாக ஒருமுறை வாங்குபவர் சுற்றிப் பார்ப்பார். அந்தக் கட்டத்தில் கதவு திறக்கத் தாமதமானால் கடன் ஒப்புதல் தள்ளிப்போகும், அதோடு எல்லாத் தேதிகளும் தள்ளிப்போகும். பதிவு முடியும்வரை தரகரிடம் உள்ள சாவி அவரிடமே இருக்கட்டும். மற்றவர்களிடம் இருப்பதை மட்டும் முன்பணம் வாங்கிய அன்றே திரும்ப வாங்கிவிடுங்கள், டிஜிட்டல் பூட்டின் பழைய எண்களையும் அன்றே அழித்துவிடுங்கள்.